ஊதும்போது எடுத்த அளவு

பேண்டு குழுவில் அவளுக்குப் பட்டப்பெயர் குருவி. ஆள் ஒல்லி, ஊதுவதோ ட்ரம்பெட். வாத்தியத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கணும் என்பார்கள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. கடைசி ஸ்வரம் அறுந்துபோவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாட்டின் முடிவில் பதினாறு எண்ணும் வரை ஒரே ஸ்வரத்தை அவள் தனியாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் பிசகியதில்லை. மேடை ஏறினால் பன்னிரண்டிலேயே மூச்சு முட்டிவிடும். இரண்டு போட்டிகளில் மானம் கப்பலேறியாகிவிட்டது.

"உனக்கு மூச்சு பத்தலம்மா. சனிக்கிழமை இறுதிப் போட்டியிலயும் அறுந்துச்சுன்னா, இனிமே அந்த இடம் என் அக்கா பையனுக்குத்தான்," என்று பேண்டு மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா பையன் அப்போதே தன் ட்ரம்பெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

குருவி வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அண்ணி கேட்டாள்.

"வீட்டுல ஊதுறப்போ அறுந்ததே இல்லையே. அங்க மட்டும் என்ன?"

"கூட்டம் அண்ணி. வெளிச்சம்."

"அப்புறம்?"

"மேடையில மட்டும் பேண்டு கோட்டு போட்டுக்கணும்."

மிஷின் நின்றது. "கோட்டுக்கு யாரு அளவெடுத்தது?"

"மாஸ்டர்தான். எல்லாருக்கும் அவரே எடுப்பாரு. வயித்தை உள்ள இழு, மூச்சைப் பிடி, அசையாதேம்பாரு. அப்பதான் போட்டோவுல எடுப்பா இருக்குமாம்."

அண்ணிக்கு வந்ததே கோபம்! "போட்டோவுக்கு அளவெடுத்துட்டு பாட்டுக்கு ஊதச் சொன்னா எப்படி ஊதுவே? எடு அந்த ட்ரம்பெட்டை."

நெஞ்சைச் சுற்றி இஞ்ச் டேப்பைப் போட்டாள். சும்மா நிற்கையில் முப்பத்திரண்டு. குருவி மூச்சை முழுக்க இழுத்ததும் டேப் அண்ணியின் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு போய் முப்பத்தைந்தில் நின்றது. வயிற்றில் இரண்டு அங்குலம் கூடியது. வாத்தியத்தை உயர்த்திப் பிடித்தால் முதுகில் ஒன்றரை.

"மூச்சு பத்தலையாமே மூச்சு! மூச்சு போக இடம்தான்டி பத்தல," என்றாள் அண்ணி.

கோட்டைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தது. அத்தனையையும் மாஸ்டர் பிடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார், புண்ணியவான். அண்ணி தையலைப் பிரித்து, விட வேண்டியதை விட்டு, கையைத் தாராளமாகத் தூக்கக் கைக்குழியில் ஒரு பட்டைத் துணியும் வைத்துத் தைத்தாள்.

சனிக்கிழமை மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, தொளதொளன்னு இருக்கு?"

"ஊதினா சரியாயிடும் மாஸ்டர்."

கடைசி ஸ்வரம் வந்தது. குருவி அடிவயிறு வரை மூச்சை நிரப்பினாள். கோட்டு இடம் கொடுத்தது. பத்து. பன்னிரண்டு. அக்கா பையன் கழுத்தை நீட்டிக் காத்திருந்தான். பதினாறு. நிறுத்தச் சொல்லிக் கையை இறக்க வேண்டிய மாஸ்டர் வாயைப் பிளந்து நின்றார். அவளும் விடவில்லை. இருபதில் அவளாக நிறுத்தியபோது அரங்கமே எழுந்து நின்றது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாஸ்டர் வெற்றிக் கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். அவருடைய கோட்டுப் பொத்தான் தெறித்து உருண்டு வந்து குருவியின் காலடியில் விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் வாசலில் அவர் நின்றார், கையில் கோட்டோடு. "அந்த இடம் எப்பவும் உனக்குத்தாம்மா," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி இருக்காங்களா?"

அண்ணி டேப்பை எடுத்து வந்தாள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"மூச்சை விடுங்க மாஸ்டர்," என்றாள் குருவி.