கூட்ட அறைக்குக் குடிவந்த சதுப்பு நிலம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊருக்குத் தெற்கே இருந்த சதுப்பு நிலம் மாடிப்படி ஏறி, மண்டல வனவிலங்கு அலுவலகத்தின் இரண்டாம் தளத்துக்கு வந்து கூட்ட அறையில் தங்கிவிட்டது. லிஃப்ட் அன்றும் பழுது. கோரைப்புல், சேறு, தவளை, நத்தை, ஒரு ஜோடி நீர்க்கோழி என்று சகல உடைமைகளோடும் வந்திருந்தது. படியில் ஈரத்தைக் கண்ட எழுத்தர், குழாய் உடைந்துவிட்டதென்று நினைத்து பிளம்பருக்குப் போன் போட்டார். பிளம்பர் வந்து கதவைத் திறந்து பார்த்தார். "இது என் வேலை இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தனை பெரிய நிலம் அந்த அறைக்குள் எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. தணிக்கைக் காலத்தில் அதைவிடப் பெரிய கூட்டமெல்லாம் அங்கே அடங்கியிருக்கிறது.

அது மண்டல மேலாளரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மண்டலத்துக் காடும் மேடும் நீர்நிலையும் அவற்றில் வாழ்வனவும் அந்த அம்மாளின் பொறுப்பு. எங்கும் புதரை வெட்ட விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் 'புதர் மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். விவசாயிகளின் வீடு வீடாக ஏறி இறங்கி, புல்லை ஓரத்திலிருந்து அறுக்காமல் நடுவிலிருந்து வெளியே அறுக்க வைத்தவர் அவர். அப்படி அறுத்தால்தான் தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சுகளோடு ஓரத்துக்கு ஓடித் தப்பும். நெடுஞ்சாலைக்கு அடியில் மான்களுக்குச் சுரங்கப்பாதை போட வைத்தார். அவை நுழையத் தயங்கியபோது அதன் வாய் வரைக்கும் செடி நட்டு நிழலாக்கினார். மிருகத்தைக் கூப்பிடக் கூடாது, இடத்தைச் சரிசெய்தால் அதுவே வரும் என்பது அவர் கட்சி. இடமே கிளம்பி வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். தெற்குச் சதுப்பின் மேல் புறவழிச்சாலை போட முடிவானது. மேலாளர் ஆனமட்டும் எதிர்த்துப் பார்த்தார், தலைமையகம் மசியவில்லை. ஈடாக வடக்கே ஒரு குளம் வெட்டித் தந்தார்கள். நாலு பக்கமும் கருங்கல், உட்கார பெஞ்சு, அலங்கார விளக்கு எல்லாம் இருந்தன. சேறு மட்டும் இல்லை. இதாவது கிடைத்ததே என்று மேலாளர் சம்மதித்துவிட்டார். அவர் உத்தியோகத்தில் செய்த ஒரே பெரிய பிசகு அது. சதுப்பு நிலம் அந்தக் குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, சம்மதம் தந்தவரைத் தேடி நேரே வந்துவிட்டது.

மேலாளர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் சேற்றில் போய் நின்றார். "தப்பு என்னோடதுதான். இடம் பாத்துத் தரேன்" என்றார். ஒரு தவளை அவர் கழற்றிய செருப்பில் ஏறி உட்கார்ந்தது. தலைமையக இயக்குநர் போனில் கறாராகப் பேசினார். "கூட்ட அறை கூட்டம் நடத்தத்தாம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க, இல்லேன்னா மோட்டார் வெச்சு சாக்கடையில எறச்சிடுவாங்க." வலசைப் பறவைகள் வரும் பருவம் வேறு நெருங்கிவிட்டது. அவை மேலே வட்டமடித்து, கீழே சாலை வேலையைப் பார்த்து, இறங்க இடமில்லாமல் களைத்து விழும் என்பது மேலாளருக்குத் தெரியும்.

வியாழன் மாலை வரை அவர் ஜீப்பில் முன்னே போக, சதுப்பு நிலம் பின்னே ஊர்ந்து போய் இடம் பார்த்தது. வாடகை வீடு தேடுகிறவர்களைப் போல ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டது. ஒன்று மேடு, ஒன்றில் சத்தம், இன்னொன்றில் ரசாயன வாடை. பொழுது சாய்ந்ததும் கூட்ட அறைக்கே திரும்பியது.

பொருத்தமான இடம் ஒன்று உண்டு என்று மேலாளருக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஊருக்கு வெளியே பள்ளமான ஒரு மனையை வாங்கியிருந்தார். எங்கோ ஒரு பழைய வீட்டை இடித்தபோது அதன் வாசல் நிலையையும் கதவையும் வாங்கி வந்து மனையில் நிறுத்தியிருந்தார். சுவர் எழுப்ப இன்னும் வசதிப்படவில்லை. ஆனாலும் தினமும் வாடகை வீட்டிலிருந்து போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைவார், இது சமையலறை, இது படுக்கையறை என்று நடந்து பார்ப்பார், பூட்டிக்கொண்டு வருவார்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்குச் சாப்பாடு கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கூட்ட அறை வாசலில் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நீர்க்கோழிகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"நம்ம மனையைக் காட்டினியா?" என்று கேட்டார்.

"இல்லங்க."

"ஏன்?"

"அது உங்க வீடுங்க."

அவர் சாப்பாட்டைக் கீழே வைத்தார். "சர்வீஸ் முழுக்க, பஸ்ஸு நெறஞ்சிடுச்சுன்னு யாரையும் நான் எறக்கி விட்டதில்ல. இப்பப் போயி எறக்கி விடுவேனா?" என்றார். சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். அவர் மேல் அன்று வந்ததைப் போன்ற பிரியம் மேலாளருக்குத் தன் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"வழியில நிக்காதீங்க, முன்னாடி நகருங்க, போலாம் ரைட்!" என்று கண்டக்டர் விசிலடித்து நடக்க, சதுப்பு நிலம் படியிறங்கிக் கடைத்தெரு வழியாக அவர் பின்னே போனது. கடைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளை நிறுத்தினார். மனைக்குச் சுவர் கிடையாது, எந்தப் பக்கமாகவும் நுழைந்திருக்கலாம். ஆனால் அது பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து காத்து நின்றது. கண்டக்டர் சாவியைத் தேடி எடுத்துத் திறந்துவிட்டார். கடைசி நத்தை உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் அழுதார்.

பறவைகள் அந்த வருஷம் தாமதமாக வந்தன. மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரிசையாக இறங்கி, ஒவ்வொன்றாகக் கதவு வழியாக உள்ளே போயின. இன்றைக்கும் ஒரு பறவைகூடச் சுவரில்லாத பக்கமாக நுழைவதில்லை. மேலாளர் அதன் பிறகு ஈடாக வெட்டவைத்த குளங்களிலெல்லாம் முதலில் சேறும் அப்புறம்தான் மற்றதும் வந்தன. அவருக்குப் பின் வந்த அதிகாரிகளும் அப்படியே செய்கிறார்கள். கண்டக்டர் தம்பதி வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். காலையில் அவர் போய்க் கதவைத் திறப்பார், சாயங்காலம் கடைசிப் பறவை அடைந்ததும் சாத்துவார். வீடு எப்போது கட்டப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "குடிவந்தாச்சேங்க" என்பார். கேட்டவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.