பிணவறை இசை

லண்டன் வார இதழில் அந்த வார்த்தை வந்த அன்று, லோர்னா, ஹல் நகரத் துறைமுகத்து மீன் கொட்டகையில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பாரி, இதழை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தான்.

"முழுப் பக்கம், லோர்னா! நமக்குப் புதுசா பேரே வச்சிருக்கான். பிணவறை இசையாம்!"

"நாம என்ன பிணம் கழுவுறவங்களா?"

"கழுவுனா என்ன? ஊரெல்லாம் கூப்பிடுவான் பாரு."

லோர்னாவின் அண்ணன் கீத் போன மீன்பிடிக் கப்பல், ஏழு வருடங்களுக்கு முன் ஐஸ்லாந்துக்கு வடக்கே மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கடலிலிருந்து திரும்பியதும் பூட்ஸைக் கழற்றியெறிந்துவிட்டு, சமையலறையில் அம்மாவோடு அவன் ஆடும் ஆட்டத்தைத்தான் லோர்னா பாட்டாக எழுதியிருந்தாள். துறைமுகத்துப் பெண்கள் அந்தப் பாட்டுக்குத்தான் அதிகம் ஆடுவார்கள். அந்த இதழில் எழுதிய விமர்சகர் டெஸ்மண்ட் பிரைலின் காதில் அதிலிருந்த சாவு மட்டும் விழுந்தது.

இரண்டே மாதத்தில் லீட்ஸிலிருந்தும் வேக்ஃபீல்டிலிருந்தும் கறுப்பு உடையில் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முகமெல்லாம் வெள்ளைப் பவுடர். ஆடவில்லை, அசையாமல் நின்றார்கள். பாட்டை மெதுவாக்கச் சொன்னது இசைத்தட்டு நிறுவனம். மெதுவாக்கினார்கள்.

"இழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடி" என்றாள் பக்கத்து வீட்டு டோரீன். "இதுக்கு நான் பஸ் ஏறி வேற வரணுமா?" அதன்பிறகு அவள் வரவில்லை.

அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள். "ஆடிக்கிட்டிருந்த புள்ளைய நிக்க வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

மெதுவாகப் பாடத் தொடங்கிய பிறகுதான் லோர்னா அவனைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை வெள்ளை முகங்களுக்கு நடுவில் ஒருவனுக்கு மட்டும் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஊர் மாறினாலும் அவன் அதே வரிசையில் நின்றான். கீத்தின் முகம் மாதிரியே இருக்கிறது என்று பாரியிடம் சொன்னாள்.

"பவுடர் பூசினா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்" என்றான் பாரி.

லீட்ஸில் ஒரு ஞாயிறு மதியக் காட்சியில் அந்த நனைந்த தலையைப் பார்த்ததும் அவள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள். அதுவும் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்த கூட்டம் மூச்சுக்கூட விடாமல் நின்றது. அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். பதினாறு வயதிருக்கும். பெயர் ஜில்லியன் என்றாள்.

"எங்கம்மா மார்ச்சுல போயிட்டாங்க. நீங்க செத்தவங்களோட பேசுவீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். எங்கம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

லோர்னா அவளை உட்கார வைத்தாள். "நான் யாரோடவும் பேசினதில்லம்மா. எங்கண்ணன் நல்லா ஆடுவான். அதத்தான் பாடினேன்."

"ஆட்டமா? இந்தப் பாட்டா?"

லோர்னா மேசையைத் தட்டி, பழைய வேகத்தில் பாடிக் காட்டினாள். பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு கண்ணீர் இறங்க, ஜில்லியன் சிரித்துவிட்டாள். "எங்கம்மாவுக்கு ஆடவே வராது. கல்யாண வீட்டுல எல்லார் காலையும் மிதிப்பாங்க."

அன்று மாலைக் காட்சியில் பழைய வேகத்திலேயே வாசித்தார்கள். கூச்சல் எழுந்தது. பாதிப் பேர் வெளியேறினார்கள். ஜில்லியன் மட்டும் தாளம் தப்பித் தப்பி ஆடினாள். மூன்றாவது வரிசையில் நனைந்த தலை இல்லை.

பிணவறை இசை செத்துவிட்டது என்று பிரைல் எழுதினார். நிறுவனம் கைகழுவியது. துறைமுகத்துப் பெண்களும் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு ஆட வேறு பாட்டு கிடைத்துவிட்டது. கடைகளில் மட்டும் லோர்னாவின் இசைத்தட்டு பிணவறை இசை அடுக்கிலேயே இருந்தது. அவள் ஒருநாள் எடுத்து வேறு அடுக்கில் வைத்தாள். கடைக்காரர் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

கீத் அதன்பிறகு வரவேயில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஒரு மழைநாள் பகலில், சமையலறையில் தனியாக நின்று, கதவையே பார்த்தபடி அந்தப் பாட்டை மெதுவாக, மிக மெதுவாகப் பாடினாள்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரடி கூப்பிடுற?"

லோர்னா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை.