சட்டை முதுகில் செம்மண்

நெற்றியில் ஒரு கை, தள்ளுகிற கை, பவுடரும் வியர்வையும் மணக்கிற கை, ஆசீர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாங்கி நிற்கிறான், அவன் விழுந்தால் பிடிப்பதற்குப் பின்னால் இரண்டு பேர் கையை விரித்துக் காத்திருக்கிறார்கள், ஓலைப் பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முழங்குகிறது, விழு என்கிறது கை, முடியாது என்கிறது கால், பகல் வெயிலில் தேரிக்காட்டுச் செம்மண் உள்ளங்காலைச் சுடுகிறது, இதே உபவாசக் கூட்டத்தில், இதே மண்ணில், வருடத்துக்கு ஒன்றாக நான்கு தடவை மல்லாந்து விழுந்தவன்தான் அவன், ஒவ்வொரு தடவையும் பிரசங்கியார் இச்சையின் ஆவி போயிற்று என்று கத்த, எழுந்து மைக்கை வாங்கி, ஒரு பிசாசு என்னை ஆட்டிவைத்தது, இன்றைக்கு அது ஓடிவிட்டது என்று சாட்சி சொன்னான், அழுதான், அந்த அழுகை பொய்யில்லை, அப்போது உடம்பு பஞ்சாக லேசாகிவிடும், தான் செய்த குற்றத்தை எவன் தலையிலோ கட்டிவிட்டு வந்த மாதிரி, அந்தச் சுகம் மூன்று வாரம் தாங்கும், பிறகு தண்ணீர் மோட்டார் ஆர்டர் பிடிக்க மதுரை லைனுக்குப் போவான், லாட்ஜ் அறையில் செல்போனை எடுப்பான், பெயர் கேட்டுக்கொள்ளாத பெண்கள் வருவார்கள், போவார்கள், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போன் செய்து, ஹெப்சி, சாப்பிட்டியா என்று வெட்கமில்லாமல் கேட்பான்.

அவன் மனைவி ஹெப்சிபா ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அந்த வெள்ளைச் சட்டையை வாளியில் ஊறப்போடுவாள், முதுகில் அப்பிய செம்மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் போக்குவாள், நான்காவது வருடம் சட்டையைத் துவைக்கவில்லை, மண்ணோடு கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள், ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதன்மேல் வைத்தாள், நாலு வாட்டி விழுந்திய, நாலு வாட்டியும் பிசாசு போச்சுன்னாவ, நீங்க கொண்டாந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில வரிசையில நின்னது நான், ஊசி போட்டுக்கிட்டது நான், பிசாசா வந்து வரிசையில நின்னுச்சு, செஞ்சது நான்தான்னு சொல்லுங்க, எந்த மைக்குல பிசாசுன்னு சொன்னியளோ அதே மைக்குல சொல்லுங்க, சொல்லலேன்னா அடுத்த கூட்டத்தோட நான் தென்காசிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், திரும்ப மாட்டேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவனும் கூட அழுது சமாளித்திருப்பான். அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஊர் சுற்றினான், ஒரு நாள் அவனே போய் வெளியூர் வேலையை விட்டான், அதே கம்பெனியில் குடோன் கணக்கு எழுத உட்கார்ந்தான், கையில் பட்டன் போன், செவ்வாய்க்கிழமை தோறும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆறு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக உட்காருகிறார்கள், அங்கே எந்தப் பிசாசும் ஓடுவதில்லை, செய்ததைச் சொல்கிறார்கள், தப்பு செய்யாமல் இது எத்தனையாவது நாள் என்று சொல்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள், இன்றைக்கு அவனுக்குத் தொண்ணூற்று மூன்று, ஆசை எங்கேயும் போய்விடவில்லை, இந்தப் பந்தலுக்குள்ளும் அவனோடுதான் வந்திருக்கிறது, கர்த்தாவே, இது என்னுடையது, இதோடு சேர்த்தே என்னைப் பாரும், காலையில் அவன் செய்த ஜெபம் அவ்வளவுதான்.

கை இன்னும் அழுத்துகிறது, பிரசங்கியார் அவன் காதருகே குனிகிறார், விழு தம்பி, எதிர்த்து நிக்காத, அது ஒன்ன விடமாட்டேங்குது. ஆசீர் கண்ணைத் திறக்கிறான், பிரதர், மைக்கைக் குடுங்க, சாட்சி என்று நினைத்து அவர் சந்தோஷமாகக் கொடுக்கிறார், நாலு வருசமா ஒங்க முன்னால பொய் சொன்னேன், என்னைய எந்தப் பிசாசும் பிடிக்கல, லாட்ஜுக்குப் போனது நான், என் பொண்டாட்டிக்கு நோயைக் கொண்டாந்தது நான், மன்னிப்புக் கேக்கிறவனும் நான்தான், மைக் பிடுங்கப்படுகிறது, யாரோ அவசரமாகப் பாட்டை எடுக்கிறார்கள், பாத்தியா, அதுதான் பேசுது என்கிறார் பின்னால் கை விரித்து நின்றவர், பேசுறது ஆசீர், என்று தொண்டை கிழியக் கத்துகிறான், கர்த்தருக்குக் காது கேக்கும், பாட்டை நிறுத்துங்க, யாரும் நிறுத்தவில்லை, பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறான், ஹெப்சிபா இருந்த பாய் காலி. பந்தலைச் சுற்றி ஓடுகிறான், பந்தல் மைக் கேட்கிற தூரத்தில், பஸ் நிற்குமிடத்தில் உடைமரத்தின் கீழ் பையோடு நிற்கிறாள், அந்தப் பையை நேற்றே கட்டிவைத்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியும், திரும்புங்க என்கிறாள், திரும்புகிறான், முதுகில் ஒரு கை, தள்ளாத கை, பிடித்துக்கொள்ளவும் இல்லாத கை, சட்டையின் மேலிருந்து கீழே மெல்லத் தடவிப் பார்க்கிறது, மண்ணு இல்ல என்கிறாள். தென்காசி பஸ் வந்து நிற்கிறது, கண்டக்டர் விசிலை ஊதுகிறார், போறியா ஹெப்சி என்று முன்னால் பார்த்தபடியே கேட்கிறான், பஸ் அவளை ஏற்றாமலே புறப்பட்டுப் போகிறது, புழுதி அடங்குகிறது. இன்னைக்குப் போகல, நாளைக்குக் கேளுங்க.