மாமன் வேட்டை

நெஞ்சு கரிப்புக்கு மருத்துவர் குதிரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒரு வேளை, காலைச் சாப்பாட்டுக்குப் பின். ஏழு நாளைக்கு.

மருந்துக் கடையில் ஒரே ஒரு குதிரைதான் இருப்பு இருந்தது. அதையே ஏழு நாளும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் முதலில் தாலுகா அலுவலகம் போய்த் தங்கை இன்மைச் சான்று வாங்கி வர வேண்டும். வீட்டில் தங்கை இருந்தால் அவளைத்தான் முதலில் குதிரையில் ஏற்றிக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மருந்து வேலை செய்யாது. நியாயமாகப் பட்டது.

எனக்குத் தங்கை இல்லை. சொல்லப்போனால் யாருமே இல்லை. தாலுகா அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்ததுமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். வேறு எந்தச் சான்றும் எனக்கு இத்தனை சீக்கிரம் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினேன். குதிரை பழுப்பு நிறம், சாது. கழுத்தில் ‘உபயோகிக்கும் முன் குலுக்கவும்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. குலுக்கினேன். அதுவும் என்னைக் குலுக்கியது. புறப்பட்டோம்.

தேரிக்காட்டுப் பக்கம் போனோம். செம்மணல் மேடுகளும் பனைகளுமாகக் கிடக்கிற காடு. அங்கே மேடுகள் வெயில் ஏறிய பிறகு இடம் மாறும். காலை நேரத்தில் அசையாமல் கிடக்கும் என்பதால் வழி தவறாது. காற்று நன்றாக இருந்தது. நெஞ்சு கரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாவது மேட்டைத் தாண்டியதும் எதிரே ஒரு வேட்டை வந்தது.

நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டி வரிசையாக வந்தார்கள். கையில் கம்பு, தோளில் வலை. ஒருவர் தப்பு அடித்தார். இரண்டு நாய்கள் முன்னால் வந்தன. பின்னால் நாலு பெண்கள் சீர்த்தட்டுகள் தூக்கி வந்தார்கள். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, வெற்றிலை எல்லாம் இருந்தன. வேட்டைக்கு எதற்குச் சீர்த்தட்டு என்று யோசித்துக்கொண்டே குதிரையை ஓரமாக ஒதுக்கினேன்.

முன்னால் வந்த பெரியவர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். அவர் பெயர் ஆவுடையப்பன் என்று சட்டைப் பையில் தைத்திருந்தது. வேட்டைத் தலைவர் என்று அடுத்த பையில் தைத்திருந்தது.

“வாங்க அண்ணாச்சி,” என்றார். “இந்தப் பக்கம் ஏதும் கண்ணுல பட்டுச்சா?”

“ஒண்ணும் படலியே. முயல் வேட்டையா?”

“முயல வச்சு நாங்க என்ன செய்ய? மாமன் வேட்டை.”

“இந்தக் காட்டுல மாமன் உண்டா?”

“மின்ன கூட்டங்கூட்டமா திரியும். இப்பக் கொறஞ்சு போச்சு.”

நாய்களில் ஒன்று வந்து என் காலை முகர்ந்து பார்த்தது. பிறகு பணிவாக உட்கார்ந்தது. மற்றதும் உட்கார்ந்தது. நாற்பது பேரும் கம்பைத் தாழ்த்தினார்கள்.

“நாய் மோப்பம் தப்பாது,” என்றார் ஆவுடையப்பன்.

விஷயத்தை அவரே சொன்னார். ஊரில் ஒரு பெண் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், வேறு மடி ஆகாது. அம்மாவோ ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்த ஆண் கிடையாது. அதனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் ஊரே சேர்ந்து மாமன் வேட்டைக்கு வருகிறது. இது பதினாறாவது வருடம்.

“பதினாறு வருசமா? பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?”

“அஞ்சு.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழந்தை முன்னால் வந்தது. பெயர் பொன்னிசக்கி. ஐந்து வயதில் காது குத்துவதாக இருந்தது. குத்தவில்லை. அதனால் வயது அங்கேயே நின்றுவிட்டது. குத்தினால்தான் ஆறு. கூடப் படித்த முத்துச்செல்வி வளர்ந்து, படித்து, அதே பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சராக வந்துவிட்டாள். அவளும் விடுப்பு போட்டுவிட்டு வேட்டைக்கு வந்திருந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

பொன்னிசக்கி என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணாப்பு பாடம் பூராத் தெரியும். ரெண்டாப்புல என்ன இருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

இருந்தாலும் எனக்கு மாமனாகும் எண்ணம் எதுவும் இல்லை. பத்தரைக்கு அலுவலகம் போக வேண்டும். சட்டைப் பையிலிருந்து சான்றை எடுத்துக் காட்டினேன்.

வேட்டையின் எழுத்தர் அதை வாங்கிப் பார்த்தார். தவசிக்கனி என்ற அம்மாள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

“தங்கச்சி இல்லன்னு போட்டிருக்கு.”

“ஆமா. இல்ல.”

“அக்கா பத்தி ஒண்ணும் போடலியே?”

அக்காவைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

“பிள்ளையோட அம்மா ஒங்களுக்கு மூத்தவளாத்தான் இருப்பா,” என்றார் தவசிக்கனி. சான்றை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையப்பன் சட்டத்தைச் சொன்னார். நான் ஓட வேண்டும். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் முன்னால் விடுவார்கள். நாலுவழிச் சாலையைத் தாண்டிவிட்டால் நான் தப்பித்த மாதிரி. அப்புறம் அடுத்த ஆடிதான். ஓடும்போது திரும்பிப் பார்த்தால் பிடிபட்டதாக அர்த்தம்.

“நான் ஓடலன்னா?”

“ஓடாத மாமன் செல்லாது அண்ணாச்சி. ஒருத்தரு தானா வந்து மடிய விரிச்சு உக்காந்தாரு. நாங்களும் ஆசப்பட்டுக் குத்திட்டோம். சாயங்காலத்துக்குள்ள ஓட்ட தூந்து மூடிப்போச்சு.”

“வேற யாரும் மாட்டலியா?”

“போன வருசம் ஒருத்தர் மாட்டுனாரு. அவருக்கு ஏழு அக்கா தங்கச்சி. மடியில எடமில்ல. அதுக்கு மின்ன ஒரு கண்டக்டர். அவருக்கு உக்காரவே வரல.”

எல்லோரும் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். தப்பு அடிப்பவர் மெல்ல அடித்தார். அது எனக்கான குறிப்பு என்று புரிந்தது. குதிரையைத் தட்டினேன்.

குதிரை நன்றாக ஓடியது. மூன்று நாளில் அது இப்படி ஓடிப் பார்த்ததில்லை. பனைகள் வழி விட்டு நின்றன. மேடுகள் எங்களுக்காகக் கொஞ்சம் தணிந்து கொடுத்தன. மாமன் தப்புவதற்கு இந்தக் காடு இவ்வளவு வசதி செய்து கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பின்னால் அவர்கள் வருகிற சத்தம் கேட்டது. அவர்கள் நல்ல வேட்டைக்காரர்கள் இல்லை. ஒருவர் காலில் முள் குத்திவிட்டது. அவருக்காக நாற்பது பேரும் நின்றார்கள். முள் எடுத்த பிறகு யாருக்கோ செருப்பு அறுந்தது. “மெதுவா வாங்க, மாமன் எங்க போயிரப் போறாரு,” என்று ஒரு குரல் சொன்னது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஆட்கள் என்னைத் துரத்துகிறார்கள். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டுத் துரத்தியிருக்கலாம்.

நாலுவழிச் சாலை இரண்டு மைல் தள்ளி இருக்க வேண்டும். அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோடுகளோடும் சுங்கச் சாவடியோடும் செம்மணலில் சறுக்கிக்கொண்டு வந்தது. லாரிகள் அதன் மேல் நின்றபடியே வந்தன. கடிவாளத்தை இழுத்துப் பார்த்தேன். குதிரையின் வேகம் குறைந்தது. சாலையின் வேகம் குறையவில்லை.

குதிரையின் முன்னங்கால் தாரில் பட்டது. ஒரு தட்டு தட்டினால் தாண்டிவிடலாம். பத்தரைக்கு அலுவலகத்தில் இருக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கலாம். என்னுடைய பூட்டு நல்ல பூட்டு. அதைத் திறக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

“மாமா.”

கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரே ஒரு தடவை.

கடைகளில் என்னைச் சார் என்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கிள் என்பார்கள். மருந்துக் கடையில் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

தவசிக்கனி ஏற்கெனவே அங்கே ஒரு பனையடியில் நோட்டோடு நின்றிருந்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

“தானாத் திரும்புனியளா, கூப்பிட்டதுக்குத் திரும்புனியளா?”

“கூப்பிட்டதுக்கு.”

“பிள்ள ஒங்களத்தான் கூப்பிட்டுச்சுன்னு எப்படிச் சொல்லுதிய? அந்தா லாரி டிரைவர் ஒருத்தர் நிக்காரு. அவரும் திரும்புனாரு.”

பார்த்தேன். லாரியிலிருந்து தலையை நீட்டியபடி ஓர் ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மடி அகலமான ஆள்தான். அவரைக் கை காட்டிவிட்டு நான் போய்விடலாம். அவருக்கும் ஆட்சேபணை இருக்கும் என்று தோன்றவில்லை. முகத்தில் ஒரு ஆசைகூடத் தெரிந்தது.

“அவரு பாதிதான் திரும்புனாரு,” என்றேன். “நான் முழுசாத் திரும்பிட்டேன்.”

தவசிக்கனி நோட்டில் எழுதிக்கொண்டார். டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நாலு பேராக வலையைப் பிரித்து என் மேலும் குதிரை மேலும் போர்த்தினார்கள். வலை பழைய நூல் சேலைகளைத் திரித்துப் பின்னியது, மெத்தென்று இருந்தது. குதிரை கண்ணை மூடிக்கொண்டது.

“நோவுதா அண்ணாச்சி?”

“இல்ல.”

“கொஞ்சம் திமிறுங்களேன். ஊருக்காக.”

கொஞ்சம் திமிறினேன். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வலையை விலக்கியபோது ஊர் வந்து நின்றிருந்தது. பந்தல், வாழை, ஒலிபெருக்கி எல்லாம் தயார். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தாள். நரைத்த தலை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். பொன்னிசக்கியின் அம்மா, சந்தனமாரி.

நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். நான் அந்நியன், பெயர் இன்னது, மூன்று நாளாகத்தான் குதிரை ஏறுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா ஒனக்கு?” என்றாள்.

நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

“கல்யாணத்துக்கு வரல. அப்பா போனப்ப வரல. பிள்ள பொறந்ததுக்கு ஒரு எட்டு வந்து பாக்கல. என்ன பெரிய வேல ஒனக்கு?”

“பத்தரைக்கு ஆபீஸ்.”

“கொண்டு போ ஒன் ஆபீச.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சாப்பிட்டியா?”

“நாலு இட்லி.”

“நாலுதானா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. வந்திருக்கலாம்.

“தப்புத்தான் அக்கா,” என்றேன்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். பொன்னிசக்கி பட்டுப்பாவாடையோடு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். பதினாறு வருடம் ஐந்து வயதாகவே இருந்த பிள்ளை, ஆனால் கனமே இல்லை. ஒரு கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். மற்றக் கை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

ஆசாரி குத்தினார். அவள் அழுதாள். மறு காதிலும் குத்தினார். அழுதுகொண்டே பழத்தைச் சாப்பிட்டாள். எல்லோரும் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டை அப்படியே இருந்தது. நாற்பது பேரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

தவசிக்கனி மட்டும் நோட்டோடு பொன்னிசக்கியிடம் குனிந்தார்.

“பதினாறு வயசு நிலுவையில இருக்கு. மொத்தமா இப்பவே வாங்கிக்கிடுதியா, வருசத்துக்கு ஒண்ணாப் போதுமா?”

முத்துச்செல்வி டீச்சர் முன்னால் வந்து நின்றாள். மொத்தமாக வாங்கினால் இருவரும் மறுபடி ஒரே வயது. பொன்னிசக்கி அவளைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“வருசத்துக்கு ஒண்ணு,” என்றாள். “மாமா இப்பத்தான வந்திருக்காவ.”

தவசிக்கனி எழுதிக்கொண்டு போனார். டீச்சர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். ரெண்டாப்பு டீச்சரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்றாள்.

பந்தலுக்கு வெளியே குதிரை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. எங்கோ மணி பத்தரை அடித்தது. குழந்தை அழுத அலுப்பில் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவளுக்கு ஆறு வயது ஆனது. மடியில் தெரிந்தது. அரை கிலோ கூடியிருக்கும், கால் இரண்டு விரற்கடை நீண்டு பாயைத் தொட்டது.

அக்கா இலையோடு வந்தாள்.

“கால் மரத்துப்போயிருக்குமே. பிள்ளையக் கீழ கெடத்திட்டு வா, சாப்பிடலாம்.”

“மரக்கல அக்கா,” என்றேன்.

இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் அசையவில்லை.