லாரிமோர் ரோடியோவில் எட்டு வினாடி

காலையிலிருந்து வெலோராவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. ரோடியோத் திடலின் கால்நடைக் கண்காட்சிக் கொட்டகைக்குப் போனாள். அங்கே காளைக்கன்றுகளைக் குளிப்பாட்டி, முடி உலர்த்தி, கல்யாணப் பெண்ணைப் போல சிங்காரித்துக்கொண்டிருந்தார்கள். பன்றிகளுக்கு நடுவர் பரிசு சொல்வதை நின்று பார்த்தாள். எந்தப் பன்றி ஜெயித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தின்ன வாங்கிய சுட்ட வான்கோழிக் காலை இரண்டு கடியோடு குப்பையில் போட்டாள்.

முரட்டுக் குதிரை அடக்கும் பந்தயமான லாரிமோர் ரோடியோவுக்கு அந்த மார்ச்சோடு எண்பத்திரண்டு வயது. ரயிலடிக்குப் பின்னால் கயிறு கட்டி ஒன்பது மாடுகளோடு பண்ணைக்காரர்கள் தொடங்கியது. இன்று பாதி டெக்ஸாஸ் அங்கே திரண்டிருந்தது. ஆண்கள் போருக்குப் போன வருஷங்களில் பெண்களே முரட்டுக் குதிரைகளை அடக்கி அதை நடத்தினார்களாம். வெலோராவின் வேலையும் லேசுப்பட்டதல்ல. துள்ளும் குதிரைமேல் எட்டு வினாடி தாக்குப்பிடித்தவனை, மணி அடித்ததும் தன் குதிரையில் பக்கத்தில் பாய்ந்துபோய் அள்ளி இறக்க வேண்டும். பதினோரு வருஷமாக யார் யாரையோ இறக்கியிருக்கிறாள். இன்று ஏறுகிறவன் அவள் புருஷன் டெல்பர்ட். போன வருஷம் முதுகெலும்பில் கம்பி வைத்துக்கொண்டவன். இனி ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தவன்.

"பேரை எடுத்துடு. இன்னும் நேரமிருக்கு," என்றாள், டெல்பர்ட் காத்திருந்த குதிரைக் கூண்டின் கதவோரம் வந்து.

"ஏண்டி, வாலுல தீ பிடிச்ச பூனை மாதிரி சுத்திட்டிருக்க? நீதானே பக்கத்துல இருக்கப்போற."

"அதான்யா பயம். வேற எவனாச்சும்னா கை நடுங்காது."

"அப்ப என்னையும் எவனோன்னு நெனச்சுக்கோ!"

அவன் ஏறிய குதிரையின் பெயர் மாமியார். ஒலிபெருக்கியில் அதைச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. கதவு திறந்தது.

மாமியார் வில்லாய் வளைந்து எகிறியது. டெல்பர்ட் அசரவில்லை. மணி அடித்தது. வெலோரா நெருங்கிக் கை நீட்டினாள். அவன் விரல்கள் அவள் தோளைத் தொட்ட நொடியில் குதிரை வெட்டித் திரும்பியது. மறுபக்கமாய் விழுந்தான். இடது கால், சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. மண்ணில் இழுபட்டான்.

சிரிப்பு நின்றது. வெலோரா மாமியாரின் கடிவாளத்தைப் பிடித்துத் தன் சேணத்தோடு இறுக்கினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது, விடவில்லை. குதிரை ஒரு கணம் தயங்கியது. பூட்ஸ் அங்கவடியிலேயே தங்க, கால் உருவிக்கொண்டு வந்தது.

டெல்பர்ட் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினான். அவள் அவனிடம் போகவில்லை. இன்னும் நாலு பேர் பாக்கி. நாலு பேரையும் பத்திரமாய் இறக்கினாள். பிறகுதான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

வேர்த்த தன் குதிரையை நடத்தி ஆற்றிக்கொண்டிருந்தபோது டெல்பர்ட் ஒற்றை பூட்ஸோடு நொண்டி வந்து சேர்ந்துகொண்டான். கொட்டகையை மூன்றாவது முறை சுற்றும்போது சொன்னான்.

"அடுத்த வருஷம் பேர் குடுக்கமாட்டேன். சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. அது போன தடவையே பண்ணிட்ட."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"தெரியல. என்னால நிக்க முடியல. நடக்கிறதுன்னா என்கூட நட."

அவன் நடந்தான்.