மிருதங்கத்தின் மைக்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தின் படிகளில் கதிரவன் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். மணி ஆறு நாற்பத்தொன்று.

ஏழுக்கு ஒலிபரப்பு.

"பையா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தி ஏறி உட்கார்ந்த ஈ-ரிக்‌ஷா, முதல் திருப்பத்திலேயே ஒரு குல்ஃபி வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. குதித்து இறங்கி ஓடினான். ஜூன் மாத வெயில் சாயங்காலமாகியும் தரையை விட்டுப் போகாமல் செருப்புக்குள் ஏறியது. நாற்பத்தெட்டு வயதில் இது ஓட்டமில்லை, தண்டனை. தேவைதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வினோலியா ஃபோன் செய்திருந்தாள். 'யமுனைத் தென்றல்' என்ற சின்னத் தமிழ்ப் பண்பலையில் அவள்தான் தயாரிப்பாளர். கோடை விழாக் கச்சேரிகளை ஞாயிறுதோறும் அவள் ஒலிபரப்புகிறாள். விழாவை நடத்தும் கோல் மார்க்கெட் சபாவுக்குக் கதிரவன் இணைச் செயலாளர்.

"சார், இன்னைக்கு இந்திராணி கச்சேரி. மெயின் பாட்டும் தனியும் முழுசா போடுதேன். மிருதங்கம் ரொம்ப மெதுவா கேட்டுது. அந்த மைக்கை மட்டும் தனியா எடுத்து நல்லா ஏத்தி வச்சிருக்கேன்."

கேட்டதும் கதிரவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். சட்டை மாற்றக்கூட நிற்கவில்லை.

அந்தக் கச்சேரியில் நடந்ததை டெல்லித் தமிழர்களில் பாதிப்பேர் பேசித் தீர்த்துவிட்டார்கள். மீதிப் பாதி இன்று காதாலேயே கேட்கப்போகிறது.

மே மாதம், நாற்பத்தைந்து டிகிரி. பாடியவர் சென்னையிலிருந்து வந்த இந்திராணி. மிருதங்கம் பத்மநாபன், விழாவுக்கு இருபத்திரண்டு வருடமாக வாசிப்பவர். மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்று, லக்ஷ்மிபாய் நகரில் மகளின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். மெயின் பாட்டு முடிந்து, மிருதங்கம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், வழக்கம்போலப் பாதி ஹால் போண்டாவுக்கு எழுந்து போயிற்று. ஐந்தாவது நிமிடம் மிருதங்கத்தின் வலந்தலையில், வலக்கைப் பக்கத் தோலில், சுருதி இறங்கியது. பத்மநாபன் கல்லால் விளிம்பைத் தட்டினார். ஏறவில்லை. மறுபடி தட்டினார். இன்னும் இறங்கியது. காதைச் சாய்த்து, தட்டி, வாசித்து, தாளம் ஒரு இடத்தில் தடுக்கி...

இந்திராணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தனி பாதியில் நிற்க, பல்லவியை எடுத்துப் பாடினார். ஒரு கலைஞருக்கு மேடையில் அதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன?

மறுவாரம் சபாவிலிருந்து பத்மநாபனுக்கு ஒரு கடிதம் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் அவரை அழைக்க இயலாது என்று நான்கு வரி. கீழே கையெழுத்து, கதிரவன்.

பண்பலை நிலையம் மூன்றாவது மாடி. லிஃப்ட் வாசலில் காவலாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "கராப் ஹை, சாப்."

லிஃப்ட் பழுதாம். கதிரவன் படியேறினான். ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஒலிப்பதிவு அறைக் கதவைத் தள்ளியபோது மூச்சு வாங்கியது.

"என்ன சார், மாரத்தானா?" வினோலியா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். "தண்ணி குடிங்க முதல்ல."

"தனி... அந்தத் தனியை வெட்டணும்."

"எதை?"

"தனி ஆவர்த்தனத்தை. அத்தனையும். பாட்டு முடிஞ்சதும் நேரா மங்களத்துக்குப் போயிடுங்க."

"நல்லாருக்கே! ஒரு வாரமா டேப் எங்கிட்ட கெடக்கு. எட்டு நிமிஷம் இருக்கையில வந்து சொல்லுதீங்க. அந்த நேரத்துக்கு நான் என்ன போடட்டும், எங்க அம்மை தாலாட்டையா?"

"விளையாடாதீங்க வினோலியா. முழுசா கேட்டீங்களா அதை?"

"எங்க கேக்க? ஆளு நான் ஒருத்தி. தொடக்கம் மட்டும் கேட்டுட்டு அளவு சரி பண்ணிட்டேன்."

முழுசாகக் கேட்கவில்லை. கதிரவனுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது.

"அவருக்காகத்தான் சொல்றேன். அன்னிக்கு ஹால்ல முந்நூறு பேர் முன்னாடி நடந்தது. இப்ப ஊரே கேக்கும். பாவம், அவர் பேர் கெட்டுப்போயிடும்."

"யார் பேரு?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கதிரவன் திரும்பினான். வாசலில், கையில் காகிதக் கப்பில் டீயுடன், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பத்மநாபன் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் வினோலியா. "ஒலிபரப்புக்கு முன்ன ரெண்டு வார்த்தை பேசட்டும்னு. சார், நீங்களே சொல்லுங்க. தனியைப் போடவா, வெட்டவா?"

கதிரவன் தரையைப் பார்த்தான். கடிதத்துக்குப் பிறகு அவர் முகத்தை இன்றுதான் பார்க்க நேர்ந்தது, அதுவும் முடியவில்லை.

"போடும்மா," என்றார் பத்மநாபன்.

"சார், வேண்டாம்..."

"கதிர், இங்க பாரு. இருபது நாளா நான் வாத்தியத்தை உறையிலேர்ந்து எடுக்கலை. பொண்ணு கேக்கறா, ஏம்பா வாசிக்கலைன்னு. என்ன சொல்வேன்? கை போயிடுத்தா, காது போயிடுத்தா, எனக்கே தெரியலையே. இத்தனை வருஷத்துல தோல் அப்படி இறங்கினதே இல்லை. ஏதோ ஜில்லுன்னு ஒரு காத்து முதுகுல பட்ட மாதிரி இருந்தது. மயக்கம்தான் வர்றதோன்னு நினைச்சேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "எங்க தப்பினேன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சிடும். கை போயிடுத்துன்னா, வாத்தியத்தை வித்துடுவேன். இன்னியோட சரி."

"வித்துடுவீங்களா?"

"பின்னே? வாசிக்கத் தெரியாதவனுக்கு வாத்தியம் எதுக்கு?"

கதிரவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடலாம். இப்போதே, இந்த மூன்று பேர் மட்டும் இருக்கும் அறையில். 

பத்மநாபன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "முகத்தைத் துடைச்சுக்கோ. எனக்காக இந்த வெயில்ல இப்படி ஓடி வந்திருக்கியே, அதுவே பெரிசு. அந்த லெட்டர்ல உன் கையெழுத்தைப் பார்த்தேன். கமிட்டி போடச் சொல்லியிருக்கும். உனக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்னு பொண்ணுகிட்டகூடச் சொன்னேன்."

கதிரவன் கைக்குட்டையை வாங்கி முகத்தை மூடிக்கொண்டான். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தான்.

தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. வினோலியா உதட்டில் விரல் வைத்தாள்.

பத்மநாபன் மைக் முன்னால் உட்கார்ந்து இரண்டே வாக்கியம் பேசினார். "அன்னிக்குத் தனி சரியா அமையலை. கேக்கறவா மன்னிக்கணும்." அவ்வளவுதான். எழுந்து வந்து கதிரவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்திராணியின் குரல் அறையை நிறைத்தது. கதிரவனுக்கு ஒரு ஸ்வரமும் காதில் விழவில்லை. அவன் அந்த ஹாலில் இருந்தான். கச்சேரிக்கு முன்னால் மேடையருகே பத்மநாபன் அவனையும் எலக்ட்ரீஷியன் நரேனையும் கூப்பிட்டுச் சொன்னது நினைவில் ஓடியது. 'முடியற வரைக்கும் கூலர் வேண்டாம்பா. இங்கத்திக் கூலர் தண்ணிக் காத்து. தோல் ஈரத்தைக் குடிச்சா சுருதி நிக்காது.' ரேடியோக்காரர்களும் சத்தம் கூடாது என்றார்கள். வாசலில் எல்லோருக்கும் அட்டை விசிறி கொடுத்தது கதிரவன்தான். முதல் வரிசையில் அவனுடைய அலுவலக டைரக்டர், அன்றைய தலைமை விருந்தினர், அதே விசிறியால் விசிறி விசிறிச் சிவந்துபோயிருந்தார். கரண்ட் போய், வெளியே ஜெனரேட்டர் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் எது ஓடினாலும் தனியாகக் கேட்டிருக்காது.

ஏழு முப்பத்தைந்து. பாட்டு முடிந்தது. கைதட்டல். நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

தனி ஆரம்பித்தது.

பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் முழங்காலில் அசைந்தன. ஒரு நிமிடம். இரண்டு. அவர் முகம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

"கேளு கதிர்," என்று முணுமுணுத்தார். "கேளு. சுருதி கம்பியாட்டம் நிக்கறது. கை எங்கேயும் போகலைடா!"

கதிரவன் எழுந்தான். வினோலியாவின் மேசையில் ஒலியளவைக் குறைக்கும் பட்டை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை நீண்டது. பத்மநாபன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, சிரித்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்த்தினார். "உக்காரு. ஓடாதே. இனிமேதான் பார்க்கணும்."

மிருதங்கச் சொற்களுக்கு நடுவே, மைக்குக்கு மிக அருகில், மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து நரேனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், மிருதங்கத்துக்கு ஆகாதுன்னாரே?"

வினோலியா நிமிர்ந்து பார்த்தாள். பத்மநாபனின் விரல்கள் முழங்காலில் நின்றன.

வாயில் போண்டாவை மென்றபடி இன்னொரு குரல் பதில் சொன்னது. "தனிதானய்யா ஓடுது, எவன் கேக்கப் போறான்? எங்க டைரக்டர் அங்க வேர்த்து வழியறாரு. நான் சொல்றேன்ல, கூலரைப் போடு."

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. ஸ்பீக்கரில் கேட்டது கதிரவனின் குரல்.