உதவி பெறாதவர்கள்

தடம் மாறக்கூடிய இளைஞர்களுக்கு உதவும் திட்டம் பலிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மாதாமாதம் போனில் அழைப்பாள். இரண்டு பக்கமும் ஒரே கேள்விகள். ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும்?

வித்தியாசமே தெரியவில்லை. உதவி பெறாதவர்களும் நன்றாகவே இருந்தார்கள். தலையைப் பிய்த்துக்கொண்டு, உதவி பெறாத பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கேட்டாள்.

"கஷ்டம்னா யாரை நினைச்சுப்பே?"

"உங்களைத்தான்க்கா. நீங்க மட்டும்தானே கூப்பிட்டு எப்படி இருக்கேன்னு கேக்கறீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிட்டு விசாரிப்பதும் உதவிதான் என்று அலுவலகத்தில் அதுவரை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் போய்ச் சொன்னதும் மேலாளர் சலித்துக்கொண்டார். "ஆய்வையே கெடுத்துட்டியேம்மா. இனிமே அந்தப் பக்கம் பேசாதே."

அடுத்த மாதம், ஒற்றை அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதே பெண். எடுத்தால் ஆய்வு மறுபடி கெடும். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு செய்தி வந்தது.

"இந்த மாசம் நீங்க கூப்பிடலையேக்கா. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவளை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை. பதில் எழுதப் போன விரலை மடக்கிக்கொண்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.